யாருடைய கேடயம் பறிபோகிறது?

அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுத் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவை அடியோடு நீக்கக் கோரும் குரல், அந்நாட்டின் இரு பெருங்கட்சிகளிலும் எழுந்தது. 2020இல் டிரம்ப்பும் கோரினார், பைடனும் கோரினார். இணையத்தில் பிள்ளைகள் எதிர்கொள்ளும் கயமையைக் கண்டு கலங்கும் புலம்பெயர்ந்த பெற்றோருக்கு இக்கோரிக்கை இனிக்கலாம். ஆயினும் இது நோய் தீர்க்கும் மருந்தன்று.

பயனர் எழுதியதற்கு, அதனை ஏந்தி நிற்கும் இணையத்தளம் வெளியீட்டாளராகக் கருதப்படாது. தகாதவற்றை நல்லெண்ணத்துடன் நீக்கினாலும் அதற்காகத் தண்டிக்கப்படாது. இதுவே அப்பிரிவின் சாரம்.

இது பிறந்த கதையை இளையோர் அறிதல் வேண்டும். 1991இல், பிறர் எழுதியதை முன்கூட்டியே பார்வையிடாத கம்ப்யூசர்வ் நிறுவனம் அவதூறு வழக்கிலிருந்து தப்பியது. 1995இல், விதி வகுத்து, தகாத சொற்களை வடிகட்டிய பிராடிஜி நிறுவனமோ, பயனர் ஒருவரின் எழுத்துக்குப் பொறுப்பாளி என நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணை மூடியவனுக்கு விடுதலை; துடைப்பம் எடுத்தவனுக்குத் தண்டனை! அவ்வெழுத்து, ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் என்னும் பங்குத்தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று குற்றஞ்சாட்டியது. வழக்குத் தொடுத்த அந்நிறுவனத்தின் நிறுவனரே, 1999இல் பங்குச்சந்தை மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அவதூறுக்கு ஆளானோருக்கு நீதி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் எழுதியவரை இப்பிரிவு காப்பதில்லை. கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தையும் பதிப்புரிமைச் சட்டத்தையும் அது தடுப்பதுமில்லை. முகமூடி அணிந்து எழுதுவோரை நீதிமன்ற ஆணைவழி விரைந்து இனங்காண வழி செய்வதே நேரிய தீர்வு.

பிரிவை நீக்கினால் பெருநிறுவனங்கள் வீழும் என்பது பகற்கனவு. அவற்றிடம் வழக்கறிஞர் படையே உண்டு. 2021இல் பேஸ்புக்கின் சக்கர்பெர்க், கண்காணிப்பு ஏற்பாடுகளை மெய்ப்பிக்கும் தளங்களுக்கே இப்பாதுகாப்பு வேண்டும் என அமெரிக்கக் காங்கிரசிடம் தாமே முன்மொழிந்தார். அந்தச் செலவைத் தாங்க இயலாத சிறு தளங்களே மடியும். 2018இல் பாலியல் கடத்தலைத் தடுக்கவென இப்பிரிவில் விலக்கு ஒன்றைக் காங்கிரஸ் நிறைவேற்றிய சில நாள்களிலேயே, கிரெய்க்ஸ்லிஸ்ட் தனது தனிநபர் விளம்பரப் பகுதி முழுவதையும் மூடியது. குற்றவாளியோடு குற்றமற்றவர் பேச்சும் அடைபட்டது.

வழக்குக்கு அஞ்சும் தளம் உண்மை எது, பொய் எது என்று ஆராயாது, இரண்டையும் நீக்கிவிடும். ஆகவே அமெரிக்காவில் வாக்குரிமை பெற்ற தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் தத்தம் தொகுதி உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தீங்கு செய்தவனைப் பிடிக்கப் போகிறீர்களா, பேச இடம் கொடுத்தவனை ஒடுக்கப் போகிறீர்களா?