அட்டை தொலைந்தால் கடன் தொலையுமா?

மூதூருக்குப் போய்த் திரும்பிய என் மாமா, திருகோணமலை இறங்குதுறையில் படகால் இறங்கும்போதுதான் பேர்ஸ் இல்லாததைக் கண்டார். கடனட்டையும் அதற்குள்தான் இருந்தது. வங்கிக்கு அவர் அறிவித்ததோ மூன்றாம் நாள். "சொன்னால் கிரிப்பில் பேர் விழுந்திடும், பிறகு என்ஜினுக்குக் கடன் கிடைக்காது" என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். அந்த மூன்று நாட்களும் அட்டையை எடுத்தவர் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தால்? அல்லாஹ் காப்பாற்றினான்.

நம் ஊரில் இப்படிப் பயந்து சொல்லப்படும் கிரிப், 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். யார் எவ்வளவு கடன் பெற்றார், எப்படிக் கட்டினார் என்று வங்கிகள் தரும் விபரங்களை அது பதிந்து வைக்கிறது. ஒழுங்காகக் கட்டியதும் அங்கே பதிவாகும். கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கிதான். அட்டை தொலைந்ததாக அறிவிப்பது யாருக்கும் கெட்ட பெயர் அல்ல. மாற்றட்டை புதுக் கடனும் அல்ல. இலக்கம் மாறுகிறது, கணக்கு பழையதே.

ஆபத்து வேறிடத்தில் இருந்தது. கையில் அட்டை இல்லையே என்று மாமா அந்த மாதக் கணக்குக் கூற்றைப் பிரிக்கவே இல்லை. தொலைவதற்கு முன் வாங்கிய வலைக்கான பணம் அதில் அப்படியே நின்றது. பழைய இலக்கத்தில் மாதாமாதம் தானாகக் கழிந்துவந்த காப்புறுதிக் கட்டணமும் போகவில்லை. கட்டவேண்டிய திகதிக்கு முதல்நாள், உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் நான் தற்செயலாக உறையைத் திறந்ததால் தப்பினோம். இல்லாவிட்டால் வட்டி ஏறியிருக்கும். நாட்கள் நீண்டிருந்தால் நிலுவையாகவும் பதிவாகியிருக்கும். எதற்குப் பயந்து மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தாரோ, அதுவே நடந்திருக்கும்.

"கடனட்டையே வட்டிதானே, நமக்கு எதுக்கு?" என்பார் உம்மம்மா. அவரோடு நான் வாதாடவில்லை. ஆனால் வட்டிக்கு அஞ்சி முழுத்தொகையையும் உரிய நாளுக்குள் கட்டுகிற மாமா போன்றவர்களுக்கு ஒருநாள் தவறுவதும் பெரிய விடயம். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைப்பது பற்றியது என்று ஓதிய நாம், வங்கி எழுதி அனுப்புவதைப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே போடுகிறோம்.

பெற்றோரே, அந்த உறைகளை உங்கள் பெண்பிள்ளைகளிடமும் வாசிக்கக் கொடுங்கள். தொலைந்தால் அழைக்கவேண்டிய இலக்கம் அட்டையின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அட்டையோடு அதுவும் போய்விடும். எங்கள் வீட்டில் அது இப்போது குசினிக் கலண்டரில், என் கையெழுத்தில் இருக்கிறது.