க்ரெச் ஃபீஸ் அம்மா சம்பளத்துல மட்டும் கழிக்கிற கணக்கா?

"சம்பளத்துல பாதியை க்ரெச்சுக்குக் கொடுத்துட்டு எதுக்கு வேலைக்குப் போறே?" ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தோழிகிட்ட நானே இப்படிக் கேட்டேன். இப்போ என் மகளுக்கு ஏழு மாசம். போன மாசம்தான் ஆபீஸ் திரும்பினேன். அந்தக் கேள்வியே தப்புன்னு இப்போ புரியுது.

ஒரு உதாரணம் பாருங்க. அம்மா சம்பளம் 40,000. க்ரெச், ஆட்டோ எல்லாம் சேர்த்து 20,000. பாதி போச்சேன்னு தோணும். ஆனா குழந்தை ரெண்டு பேருக்கும்தானே? அப்பாவோட 60,000-ஐயும் சேர்த்தா, செலவு 20 சதவீதம்தான். அதுவும் சில வருஷத்துக்கு மட்டும். வேலையை விட்டா பி.எஃப்., இன்கிரிமென்ட் ரெண்டும் அங்கேயே நின்னுடும்.

வீட்டுல இருந்து பார்த்துக்கணும்னு தோணினா தாராளமா இருங்க. அதுவும் நல்ல முடிவுதான். ஆனா அதைப் பணக் கஷ்டமோ மத்தவங்க பேச்சோ முடிவு பண்ணக் கூடாது.

பிரசவத்துக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தா, முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு உங்க உரிமை. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல க்ரெச் வசதி இருக்கணும். எச்.ஆர்.கிட்ட கேளுங்க. கூடவே, ஆறு மாசக் குடும்பச் செலவை இப்பவே எஃப்.டி.யில தனியா ஒதுக்கி வைங்க.

குழந்தை வந்தா மனசு மாறும். மாறின மனசு சொல்றதைச் செய்யக் கையில காசு இருக்கணும்.