ஏப்ரல் 15-ஐ யார் பேசுவது?

ஏப்ரல் 14 வந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கள் பக்கத்துச் சேரிகளெல்லாம் நீலமாகிவிடும். சிலைக்கு மாலை, மைக் செட், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், ராத்திரி பொதுக்கூட்டம். அண்ணலின் படிப்பைப் பேசுகிறார்கள், அரசியல் சட்டத்தைப் பேசுகிறார்கள், மதமாற்றத்தைப் பேசுகிறார்கள். ஏப்ரல் 15-ஐப் பற்றி எந்தத் தோழரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

1948 ஏப்ரல் 15. ஐம்பத்தேழு வயது முடிந்த மறுநாள், டெல்லியில் தன் வீட்டிலேயே டாக்டர் சாரதா கபீரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார் பாபாசாகேப். ரமாபாய் அம்மா 1935-ல் இறந்தபின் பதின்மூன்று வருஷம் தனியாக இருந்தவர். சர்க்கரை நோய், விடாத கால்வலி. அந்த உடம்போடுதான் சட்ட அமைச்சர் வேலை, அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவர் வேலை. அந்தம்மாவுக்கு வயது 39. வைத்தியத்தின்போது நெருங்கிப் பழகியவர். கல்யாணத்துக்குப் பிறகு சவிதா அம்பேத்கர்.

அந்த மார்ச் மாதம் தாதாசாகேப் கெய்க்வாடுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்ன காரணம் நோய்தான். இனி கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவரை உடம்பு விடவில்லை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்று எழுதினார். அவ்வளவு பெரிய மனிதருக்கும் இந்த நாட்டில் ஒரு துணையைத் தேடிக்கொள்ள நோயைக் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

எட்டரை வருஷம் அந்தம்மா கூட இருந்தார். இன்சுலின், பத்தியம், ராத்திரிக் கண்விழிப்பு எல்லாம் பார்த்தார். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் பக்கத்தில் நின்று தீட்சை வாங்கினார். டிசம்பர் 6-ல் பாபாசாகேப் போனார். நம் ஆட்களே சிலர் என்ன சொன்னார்கள்? பார்ப்பனத்தி விஷம் வைத்தாள் என்றார்கள். அரசாங்கம் விசாரித்து இயற்கையான சாவு என்று சொன்ன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. அணைய இருந்த விளக்கை மறுபடி எரிய வைத்தவர்கள் என்று தன் மனைவிக்கும் டாக்டர் மாவலங்கருக்கும் நன்றி சொல்லி, 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு 1956-ல் பாபாசாகேப் ஒரு முன்னுரை எழுதினார். 1957-ல் நூல் அச்சாகி வந்தபோது அந்த முன்னுரை அதில் இல்லை. 1990-ல் பாரத ரத்னாவை அவர் சார்பில் கைநீட்டி வாங்கியவர் அதே சவிதாதான். 2003-ல் சாகும்வரை பழியும் கூடவே வந்தது.

தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அடுத்த வருஷமே, 1949 ஜூலையில், எழுபதை நெருங்கிய பெரியார் மணியம்மையாரைக் கல்யாணம் செய்தபோது கழகமே உடைந்தது. அங்கேயும் அதிகம் வசவு வாங்கியவர் கூட இருந்து பணிவிடை செய்த பெண்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு 52 வயது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷம் தையல். புருஷன் செத்து ஒன்பது வருஷம். சர்க்கரை இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரயிலேறிப் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மிஷினில் படுத்திருக்கிறேன். அந்த வராண்டாவில்தான் அவரைப் பார்த்தேன். எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பெண்டாட்டி இல்லை. தம்பியை அழைத்துவருவார். தம்பி செத்துப்போனான். அதற்குப் பிறகும் அவர் வந்தார்.

டயாலிசிஸ்காரிக்குத் தண்ணி அளவுதான். நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் என் எதிரில் ஒரு வாய் தண்ணி குடித்து நான் பார்த்ததில்லை. ஊசி குத்திக் குத்தி முண்டும் முடிச்சுமாகப் புடைத்த என் இடது கையைப் பெற்ற பிள்ளைகூடத் தொடப் பயப்படுவான். அவர் அதில் விரல் வைத்து, ரத்தம் 'விர்ர்'ரென்று ஓடுவதைக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். இதைச் சேவை என்று சொல்லாதீர்கள். சேவை எது, ஆசை எது என்று எனக்குத் தெரியும்.

ஊர் சொன்னது: "சாவப்போற நேரத்துல இவளுக்கு மாப்ள கேக்குதா?" மகன் சொன்னது: "வெளிய தலகாட்ட முடில." இயக்கத் தோழர் ஒருவர் வீட்டுக்கே வந்து, "அவுங்க அருந்ததியருங்க, நம்ம ஆளு இல்லியேம்மா, யோசிங்க" என்றார். சட்டைப் பையில் பாபாசாகேப் படம் குத்தியிருந்தார். சவிதாவிடம் சாதி கேட்ட வாய்க்கு, பறையரும் அருந்ததியரும் சேர்ந்தால்கூட சாதி கேட்கத்தான் தெரிகிறது. சாதியை ஒழிக்க உண்மையான மருந்து கலப்பு மணம் என்று எழுதியவர் யார்? அதில் முப்பது வயதுக்கு மேல் செல்லாது என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா?

நோயாளி ஆம்பளை கல்யாணம் செய்தால், 'பாவம், பாத்துக்க ஆள் வேணுமில்ல' என்று மன்னிப்பார்கள். நோயாளிப் பொம்பளை செய்தால், 'ஒரு ஆம்பளயக் கெடுக்கறா' என்பார்கள். நம் பெண்ணின் உடம்பு அறுவடைக்கு வேண்டும், சாக்கடைக்கு வேண்டும், தையல் மிஷினுக்கு வேண்டும். உழைக்க முடியாமல் போன அன்றைக்கு அந்த உடம்பை ஒருவன் விரும்புகிறான் என்றால் யாராலும் நம்ப முடியவில்லை. உழைப்புக்கு வெளியே நமக்கு உடம்பே கிடையாது என்று ஆண்டைகள் வைத்த கணக்கை நாமும் அப்படியே வைத்திருக்கிறோம்.

அரசாங்கமும் அதே கணக்குதான் போடுகிறது. என் புருஷனின் பி.எஃப். குடும்பப் பென்ஷன், 2014-ல் குறைந்தபட்சம் என்று வைத்த 1000 ரூபாய், எனக்கு வருகிறது. விதவை மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். செத்தவன் பதினெட்டு வருஷம் மிஷினில் நின்று சம்பாதித்த காசு அது. நான் யாரோடு படுக்கிறேன் என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மாத்திரைக்கு ஆகிற காசைக் காட்டி ஒரு பெண்ணைத் தனியாகச் சாகச் சொல்கிற விதி இது.

தோழர்களே, கிட்னிக்கு உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பென்ஷன் விதியை எதிர்த்து ஒரு தீர்மானம் போடுங்கள். சவிதாவின் நூலை வாங்கிப் படியுங்கள். அடுத்த ஏப்ரலில் பந்தலை ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். நாங்கள் இரண்டு பேரும் அடுத்த மாதம் பதிவு அலுவலகம் போகிறோம். சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். இதுவரை ஒருத்தர்தான் வருகிறேன் என்றிருக்கிறார், டயாலிசிஸ் வார்டைக் கூட்டுகிற அம்மா.