வெள்ளம் வடிந்தது, வியாபாரம் திரும்பவில்லை!

ஆற்றில் வெள்ளம் வந்தால் பத்திரிகைகளில் படங்கள் வருகின்றன. இடிந்த வீடு, மூழ்கிய வயல், மிதந்து வரும் மாடு... எல்லாமே மனதை உருக்கும் படங்கள்தான். ஆனால் ரோட்டோரத்து டீக்கடையின் படம் அதில் இருப்பதில்லை. நிவாரணக் கணக்கிலும் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

இது சரியா? தாமிரபரணிக் கரையில் 2023-ம் ஆண்டு நடந்ததைப் பார்த்தால், எவ்வளவு பெரிய தவறு என்பது புரியும்.

மார்கழி முதல் நாள்

அந்த ஆண்டு டிசம்பர் மாதம் 17-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்ததும் அன்றுதான்.

நெல்லையில் இருந்து திருச்செந்தூர் போகும் ரோடு தாமிரபரணியின் போக்கிலேயே போகிறது. செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று வழிநெடுக ஊர்கள். மார்கழி பிறந்துவிட்டால் இந்த ரோட்டுக்கு ஓய்வு கிடையாது. திருச்செந்தூர் முருகனைப் பார்க்கப் பாதயாத்திரை போகிறவர்கள், அய்யப்ப பக்தர்களின் வேன்கள், நவதிருப்பதி கோவில்களுக்கு வரும் பஸ்கள்! அடுத்த 6-வது நாள், 23-ந் தேதி, வைகுண்ட ஏகாதசி வேறு.

ரோட்டோரக் கடைக்காரர் நாலு காசு பார்ப்பது இந்தக் காலத்தில்தான். தேங்காய், பழம், பூ, கருப்பட்டி என்று, கடன் வாங்கியாவது சரக்கு போட்டு வைப்பார்.

அன்றைக்குத்தான் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது! 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழை, ஒரே நாளில் கொட்டிவிட்டது. மேற்கே மலையிலும் பலத்த மழை. ஆறும் குளமும் ஒன்றாகி ரோட்டின் மேல் ஓடின.

திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ரெயில் நிலையத்திலேயே நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியில் கிடந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ரெயிலில் சுமார் 800 பயணிகள். கடைசிப் பயணிகள் 19-ந் தேதிதான் மீட்கப்பட்டார்கள். அதற்குள் பசியால் வாடியவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் யார்? பக்கத்துப் புதுக்குடி ஊர் ஜனங்கள்! ஊரைச் சுற்றித் தண்ணீர் நின்றபோதும் அவர்கள் கை முடங்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்

ஆற்றின் வடகரையில் ஏரல் இருக்கிறது. சுற்றுப்பட்டி கிராமங்களுக்கெல்லாம் அதுதான் கடைத்தெரு. வெள்ளம் அந்தக் கடைத்தெருவுக்குள் புகுந்தது. ஏரலையும் தென்கரையையும் இணைக்கும் பாலத்தை ஒட்டிய ரோட்டையும் அறுத்துவிட்டது.

ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் நனைந்த சரக்கைக் கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம். டீக்கடையின் நஷ்டம் அப்படி அல்ல. நாலைந்து நாளில் தண்ணீர் வடிந்துவிடும். பெஞ்சைக் கழுவி, பாய்லரைத் துடைத்து, அடுப்பையும் மூட்டிவிடலாம். ஆனால் டீ குடிக்க ஆள் வேண்டாமா?

பாலம் அறுந்தால் பஸ் வேறு வழியாகச் சுற்றிப் போகிறது. பள்ளிப் பிள்ளைகள் வருவதில்லை. கொத்தனார், சித்தாள் வருவதில்லை. வாழைத்தார் ஏற்றும் லாரியும் வருவதில்லை. அந்த ரோட்டை நம்பிப் பிழைத்த இட்லிக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் பூக்காரிக்கும், ஆற்றில் முழங்கால் தண்ணீர் ஓடும்போதும் வெள்ளம் வடியவில்லை என்றுதான் அர்த்தம்.

தண்டல் மட்டும் நிற்பதில்லை. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஒருவர் 10 ஆயிரம் ரூபாய் தண்டல் வாங்குகிறார். 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9 ஆயிரம்தான் கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 40 நாள் ரோடு அடைபட்டால் 4 ஆயிரம் ரூபாய் பாக்கி! அதைக் கட்ட இன்னொரு தண்டல். கந்துவட்டியைத் தடுக்க 2003-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனாலும் பஸ் வராத ஊருக்குக்கூட வசூல்காரரின் மோட்டார் சைக்கிள் எப்படியோ வந்துவிடுகிறது!

நிவாரணம் யாருக்கு?

அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கடும் பாதிப்புக்கு உள்ளான தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. சிறு வணிகர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தருவதாகவும் அறிவித்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் 6 ஆயிரம் ரூபாய் ரேஷன் கார்டுக்குக் கிடைத்தது, கடைக்கு அல்ல. கடனோ, எவ்வளவு குறைந்த வட்டி என்றாலும் கடன்தான்.

மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிகளில் வீட்டுக்கும் பயிருக்கும் மாட்டுக்கும் படகுக்கும் தறிக்கும் இடம் இருக்கிறது. பெட்டிக்கடைச் சரக்குக்குத் தனி இடம் இல்லை. வயலில் நெல் மூழ்கினால் பணம் உண்டு. அதே நெல் அரிசியாகி, இட்லி மாவாகி, தெருக்கடையில் மூழ்கினால் இல்லை!

2014-ம் ஆண்டுச் சட்டப்படி தெரு வியாபாரிகளுக்கு அடையாளச் சான்று கொடுக்கிறார்கள். அது நகரங்களுக்கு. இரண்டு கிராமங்களுக்கு நடுவே, புளியமரத்தடியில் கடை போட்டிருப்பவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

"ஆற்றோரத்தில் கடை போட்டது யார் குற்றம்?" என்று சிலர் கேட்கிறார்கள். ரோடே ஆற்றோரமாகப் போகும்போது கடை வேறு எங்கே இருக்கும்? நீர்வழிப் புறம்போக்கை அடைத்துக் கட்டிய கடை என்றால், அகற்ற வேண்டியதுதான். மழைக்கு முன்பே மாற்று இடம் காட்டி அகற்ற வேண்டும். நஷ்டப்பட்டு நிற்கிறவரிடம் சட்டம் பேசுவது நியாயம் அல்ல.

பாலத்தை முழுசாகக் கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மக்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உடைப்பின் இரண்டு பக்கமும் மினி பஸ்களை விட்டு, நடுவே நடந்து கடக்கப் பத்திரமான வழி போட்டுக் கொடுத்தாலே, பாதி வியாபாரம் திரும்பிவிடும். ஆகவே நிவாரணத்தில் முதல் வேலை, பஸ்சைக் கொண்டுவருவது.

அடுத்தது பட்டியல். கிராம நிர்வாக அதிகாரியும் ஊராட்சிச் செயலாளரும் ரோட்டில் நடந்தே போய், எந்த மைல்கல் அருகே யார் என்ன விற்கிறார்கள் என்று எழுதிவிடலாம். வெள்ளத்தால் தொழில் நின்ற நாட்களுக்குப் படி கொடுக்க அந்த ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இதைப் புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால், எழுதப் போகிற அதிகாரியே மழைக்கு அந்தக் கடையில்தான் ஒதுங்க வேண்டியிருக்கும்!