நாட்டு நாய்: பெருமை மட்டும் போதாது

அண்மையில் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் சிப்பிப்பாறை நாய்களை வளர்க்கும் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். கொட்டகையில் நான்கு குட்டிகள் விளையாடிக் கொண்டிருந்தன. அவற்றின் தாயும் தந்தையும் ஒரே ஈற்றில் பிறந்த உடன்பிறப்புகள் என்று அவர் சொன்னபோது சற்றே திடுக்கிட்டேன். "வெளி நாயைச் சேர்த்தால் ரத்தம் கெட்டுவிடும்; விலையும் போகாது" என்றார் அவர். அந்த ஈற்றில் ஆறு குட்டிகள் பிறந்து இரண்டு இறந்துவிட்டன என்பதையும் அவரே வருத்தத்துடன் தெரிவித்தார். இரண்டு செய்திகளுக்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடும் என்று அவர் நினைக்கவில்லை.

நாட்டு நாய்களுக்கு இப்போது நல்ல காலம் என்று தோன்றுகிறது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் இனங்களின் தபால் தலைகளுள் ராஜபாளையமும் ஒன்று. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் நாட்டு மாடுகளின் மீது ஏற்படுத்திய அக்கறை, நாய்களின் பக்கமும் திரும்பியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை இனங்களின் பெயர்களைச் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளங்கள் வாரியம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இடம்பெற்றன. மற்றொன்று கர்நாடகத்தின் முதோள். இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், பெருமையுடன் சேர்ந்து வந்திருக்கும் "தூய ரத்தம்" என்ற மோகம், காக்க நினைப்பதையே அழித்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

இந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள, நாயின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஓநாயிலிருந்து நாய் பிரிந்தது எங்கே என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கிழக்கு ஆசியா, மேற்கு ஆசியா, ஐரோப்பா, மத்திய ஆசியா என ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஆனால், ஒன்று தெளிவாகியிருக்கிறது. 27 தொன்மையான நாய்களின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பே நாய்களில் குறைந்தது ஐந்து தனித்தனிக் கிளைகள் உருவாகிவிட்டிருந்தன என்று காட்டியது. வேளாண்மை பரவுவதற்கு முன்பே நாய் மனிதனோடு உலகெங்கும் நடந்திருக்கிறது.

வேளாண்மை வந்தபின் நாயின் உடலும் மாறியது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாய்களில் இரண்டு படிகளே இருக்க, நாய்களில் அது பல படிகளாகப் பெருகியிருப்பதை 2013-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பயிர்த்தொழிலில் ஊறிய நிலப்பகுதிகளின் நாய்களில் இந்தப் பெருக்கம் அதிகம். நம் வீட்டு வாசலில் கஞ்சியும் பழஞ்சோறும் உண்டு வளர்ந்த நாய்களின் உடலில், நம் உழவின் வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த உறவின் ஆழத்துக்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. சங்க இலக்கியம் ஞமலி என்றும் ஞாளி என்றும் நாயைக் குறிக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த 7-ஆம் நூற்றாண்டு நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்தது. ஆநிரை கவர வந்த கள்வரோடு போரிட்ட வீரனுடன், அவனுடைய நாயையும் அக்கல் நினைவுகூர்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த சமூகம் நம்முடையது.

இங்குதான் முக்கியமான வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று நாம் "நாய் இனம்" என்று சொல்லும்போது மனத்தில் வருவது, ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் உருவான கருத்து. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியதை ஒட்டி, வம்சாவளிப் பதிவேடுகளும், நிறம், காது, வால் ஆகியவற்றுக்கான தரவரையறைகளும் வந்தன. பதிவேட்டில் உள்ள நாய்கள் மட்டுமே தமக்குள் கலக்கலாம் என்ற விதி வந்தது. நம் ஊர்களில் இனங்கள் உருவான விதம் வேறு. முயலை விரட்ட வேகம், கிடை காக்க விழிப்பு, தோட்டம் காக்கத் துணிவு என வேலைக்கேற்ற நாய் தேர்ந்தெடுக்கப்பட்டது. பக்கத்து ஊரில் நல்ல வேட்டை நாய் இருந்தால், அதனுடன் இணை சேர்த்தார்கள். நிறத்தால் மட்டுமே வேறுபடும் கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே குடும்பம்தானா என்று இன்றும் வாதிடுவதற்குக் காரணம், அவற்றுக்கிடையே சுவர் எழுப்பப்படவில்லை என்பதே. அது குறைபாடு அன்று. அவற்றைக் காத்த உத்தி அது.

சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு மேலைநாடுகளே பாடம். பிரிட்டனில் ஏறத்தாழ 10,000 பக் நாய்கள் இருந்தபோதும், மரபணு வளத்தைப் பொறுத்தவரை அவை சுமார் 50 நாய்களுக்குச் சமம் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008-இல் எச்சரித்தனர். தலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். உள்ளே ஓடும் மரபு கையளவாகச் சுருங்கியிருக்கலாம். நெருங்கிய உறவில் இணை சேரும்போது, மறைந்திருக்கும் குறைபாட்டு மரபணுக்கள் இரு பக்கமிருந்தும் சேர்ந்து வெளிப்படுகின்றன. ஈற்றின் அளவு குறைகிறது, குட்டிகள் இறக்கின்றன, நோய் எதிர்ப்பாற்றல் தளர்கிறது.

நம் ராஜபாளையமும் இதற்கு விலக்கல்ல. பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் உயர்ந்தவை என்ற விருப்பத்தால், வேறு நிறக் குட்டிகள் ஒதுக்கப்பட்டன. ஆனால், நிறம் தரும் அணுக்கள் தோலுக்கு மட்டுமல்ல, உட்செவிக்கும் தேவை. அவை இல்லாத செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துபோகின்றன. டால்மேஷன் நாய்களில் நன்கு அறியப்பட்ட இந்தப் பிறவிச் செவிட்டுத்தன்மை, ராஜபாளையம் வளர்ப்போருக்கும் தெரிந்த துயரமே. காவலுக்குப் பெயர் பெற்ற நாய் காது கேளாமல் பிறப்பதைவிட வேறு என்ன எச்சரிக்கை வேண்டும்?

இன்னொரு நெருக்கடியும் உண்டு. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குற்றமானது. அது சரியான சட்டமே. ஆனால், ஓடும் திறனைக் கொண்டு நாயைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அதனால் மங்கியது. தேர்வுக்கு அளவுகோலாக எஞ்சியது தோற்றம் மட்டுமே. இப்போது இணையத்தில் படம் பார்த்து வாங்குவோரின் விருப்பமே இனத்தின் போக்கைத் தீர்மானிக்கிறது.

இந்தப் பேச்சில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு நாய் இருக்கிறது: நம் தெரு நாய். அதை "கலப்படம்" என்று இகழ்கிறோம். அறிவியல் வேறு சொல்கிறது. 38 நாடுகளின் ஊர் நாய்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், இந்திய ஊர் நாய்களிடம் ஐரோப்பியக் கலப்பு மிகக் குறைவாகவே காணப்பட்டது. அதாவது, அவை உயர் இனங்களின் சிதைவு அல்ல. இனங்கள் பிரிவதற்கு முந்தைய தொன்மையான மரபின் தொடர்ச்சி. வெறிநோயைத் தடுக்கக் கருத்தடையும் தடுப்பூசியும் கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாய்க்கடியால் இறக்கும் ஒரு குழந்தையின் உயிருக்கு எந்த மரபு வளமும் ஈடாகாது. ஆனால், அவற்றைக் கருத்தடை செய்யும் கூடத்திலேயே சிறிதளவு ரத்த மாதிரியைச் சேகரித்து, மரபணு ஆவணமாக்கலாம் அல்லவா?

பதிவேட்டைத் திறந்து வைத்தால் இனம் அழிந்துவிடும் என்ற பயத்துக்கும் விடை உண்டு. ஆப்பிரிக்க இனமான பசென்ஜி அமெரிக்காவில் நோயால் தவித்தபோது, 1990-இல் பதிவேட்டைத் திறந்து, காங்கோ நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நாய்களைச் சேர்த்தனர். பசென்ஜி இன்றும் பசென்ஜியாகவே இருக்கிறது.

தமிழக அரசு 2024-இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது நல்ல தொடக்கம். அதன் தொடர்ச்சியாகச் செய்ய வேண்டியவை தெளிவானவை. நான்கு இனங்களிலும் எஞ்சியுள்ள நாய்களின் மரபணு வேறுபாட்டைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கணக்கிட வேண்டும். ஊர்தோறும் உள்ள வளர்ப்பாளர்களை இணைக்கும் பொதுப் பதிவேடு வேண்டும். உறவில் நெருங்காத ஆண் நாய்களின் உறைவிந்தைச் சேமித்து, சிறு வளர்ப்பாளர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வழங்க வேண்டும். குட்டிகளுக்குச் செவிச் சோதனை வழக்கமாக வேண்டும். ராஜபாளையத்தின் மற்ற நிறங்களுக்குக் கண்காட்சிகளில் இடம் தர வேண்டும்.

விடைபெறும்போது அந்தப் பெரியவரிடம் ஒன்று கேட்டேன்: "உங்கள் தாத்தா காலத்தில் ஆண் நாய்க்கு எங்கே போவீர்கள்?" சற்று யோசித்துவிட்டு, "பத்துக் கல் தள்ளிப் போவோம், எங்கே நல்ல ஓட்டக்கார நாய் இருக்கிறதோ அங்கே" என்றார். தமக்குத் தேவையான விடையை அவர் அறிந்தே வைத்திருக்கிறார். அந்தப் பத்துக் கல் தொலைவை அவர் மீண்டும் நடக்க வழிசெய்து கொடுப்பதுதான் அரசும் நாமும் செய்ய வேண்டிய பணி.