விதைக்குமுன் முளைப் பரீக்ஷை

அவரை, காராமணி முதலியன சரிவர முளைக்காவிடில், செங்கற்பட்டு ஜில்லாக் குடியானவர்கள் மழையையும் மண்ணையுமே குறை கூறுவர். பல சமயங்களில் குற்றம் விதையினுடையதே. மாமல்லபுரக் கரையோரத்தில் கடற்காற்றின் ஈரம் ஏறிய விதை விரைவில் உயிர்ச் சக்தியை இழக்கும். வண்டு துளைத்த விதையிலும் முளைப்புக் குறையும்.

இதை வீட்டிலேயே அறியலாம். பொறுக்காமல் 100 விதைகளை எடுத்து, நனைத்துப் பிழிந்த சாக்கில் இடைவிட்டுப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, ஈரம் உலராமல் நீர் தெளித்துவர வேண்டும். எட்டாம் நாள் நல்ல முளைகளை எண்ணுக. சான்று விதையாயின் 75 முளைத்தல் வேண்டுமென்பது விதி. சற்றுக் குறைந்தால் விதையளவைக் கூட்டுக. பாதியும் முளையாவிடில் அவ்விதையை விலக்குக.

எட்டு நாள் வீண் என்பார் உளர். ஆனால் கரையோர மணற்பாங்கில் மழையீரம் சீக்கிரம் வற்றிவிடும். மறுவிதைப்புக்கு அது காத்திராது. பொய்த்த விதையால் உழவு கூலியோடு பட்டமும் கைநழுவும். ஆகையால் ஆடிப் பட்டத்து விதையை ஆனியிலேயே சோதிப்பது அவசியம். கிராம அதிகாரிகள் முதலில் தங்கள் வீட்டு விதையைச் சோதித்துக் காட்டினால், ஊரார் தாமே பின்பற்றுவர்.