புகைக்குழாயைப் பார்ப்பது யார்?

காஷ்மீரில் குளிர்காலந்தோறும், மூடிய அறையில் மூச்சுத் திணறி மாண்டோர் பற்றிய செய்திகள் வருகின்றன. உடனே அறிவுரையும் வருகிறது: சன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். உறைபனி இரவில் எவர் திறப்பார்?

புகாரி எனும் கணப்படுப்பின் (பெயரில் புகை ஒலித்தாலும் வேர், ஆவியைக் குறிக்கும் அரபுச் சொல்) தகரக் குழாயில் கரி படிகிறது, இணைப்பு நெகிழ்கிறது, சில வேளை பனி வாயை அடைக்கிறது. வெளியேற வேண்டிய கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தங்குகிறது. நிறமோ மணமோ அற்ற அந்த நஞ்சை வீட்டாரின் விழிப்புணர்வு மட்டும் கண்டுகொள்ளாது. பயிற்சி பெற்ற கண்ணும் கருவியும் வேண்டும்.

ஜெர்மனியில் இது சட்டக் கடமை. அரசு நியமித்த வட்டாரப் பணியாளர் ஏழாண்டுகளில் இருமுறை வீட்டுக்கே வந்து கணப்பையும் புகைபோக்கியையும் ஆய்கிறார். 2013 முதல் துப்புரவுப் பணியைத் தகுதியுடைய எவரிடமும் ஒப்படைக்கலாம். அந்த ஆய்வை மட்டும் சந்தையிடம் விடவில்லை. கவனிக்கத்தக்க வேறுபாடு அது.

இந்தியாவிலும் தொழிற்சாலைக் கொதிகலன்களைச் சோதிக்க 1923ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. வீட்டுக் கணப்புக்கு அத்தகைய ஆய்வாளர் இல்லை. புகாரி செய்யும் தகரக் கொல்லர்களுக்கே பயிற்சியும் உரிமமும் அளித்து, பனிக்கு முன், அக்டோபரில், விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் ஆய்வைத் தொடங்கலாம்.